முதல் லென்ஸ்: கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க பழைய போட்டோக்களைக் கேளுங்க

கல்ச்சுரல்ஸ் தேதி அறிவிச்ச மறுநாளே போட்டோகிராஃபி கிளப் வாட்ஸ்அப் குரூப்புல ஒரே கேள்வி சுத்த ஆரம்பிச்சுடும்: "அண்ணா, பட்ஜெட் பத்தாயிரம், எந்த லென்ஸ் வாங்கலாம்?" உடனே நாலு பேர் "நிஃப்டி ஃபிஃப்டி"ன்னு பதில் போடுவாங்க. கேட்டவரும் வாங்கிடுவார். சில பேருக்கு அது சரியாவே அமையும். சில பேருக்கு அது ஹாஸ்டல் அலமாரியில தூங்கும்.

பத்தாயிரம்ங்கிறது நம்மில் பல பேருக்கு சும்மா வந்த காசு இல்லை. ட்யூஷன் எடுத்துச் சேர்த்ததா இருக்கும், ஸ்காலர்ஷிப்புல மிச்சம் பிடிச்சதா இருக்கும், அப்பாகிட்ட ரெண்டு மாசம் பேசிப் பேசி வாங்குனதா இருக்கும். அந்தக் காசுல வாங்குற பொருளுக்கு ஒரு வரி பதில் போதாது. அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். உங்ககிட்ட ஒரு ஆரம்ப நிலை டி.எஸ்.எல்.ஆரோ மிரர்லெஸ்ஸோ இருக்கு, கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ் இருக்கு, அடுத்து ஒண்ணு வாங்கணும்னு வச்சுக்கிட்டு எழுதுறேன்.

லென்ஸ் மேல எழுதியிருக்கிற ரெண்டு எண்கள்

முதல் எண் மில்லிமீட்டர்ல இருக்கும். பிளஸ் டூ இயற்பியல்ல குவியத் தூரம்னு படிச்சோமே, அதேதான். 18, 35, 50, 250 எல்லாம் அதுதான். எண் சின்னதா இருந்தா அகலமான காட்சி, பெருசா இருந்தா தூரத்துல இருக்கிறது பக்கத்துல வந்து நிக்கும். இதை எல்லா யூட்யூப் வீடியோவும் சொல்லிடும். "எவ்வளவு அகலம், எவ்வளவு பக்கம்"னு கணக்குப் போடச் சொல்லித் தர்றவங்கதான் குறைவு. நாம இன்ஜினியரிங் படிக்கிறோம், ஒத்த முக்கோணம் போதும்.

ஆரம்ப நிலை கேமராக்கள்ல இருக்கிற ஏ.பி.எஸ்-சி சென்சாரோட நீளப் பக்கம் சுமார் 23.5 மி.மீ. (கேனான்ல கொஞ்சம் சின்னது, 22.3). பொருளோட உயரத்தைக் குவியத் தூரத்தால பெருக்கி, சென்சார் நீளத்தால வகுத்தா, எவ்வளவு தள்ளி நிக்கணும்ங்கிறது கிடைச்சுடும். ஒரு ஆளை முழுசா, தலைக்கு மேல காலுக்குக் கீழ கொஞ்சம் இடம் விட்டு, கேமராவை நெட்டுக்குத்தா பிடிச்சு எடுக்கணும்னா 2 மீட்டர் உயரம்னு வச்சுக்கலாம். 50 மி.மீ. லென்ஸ்ல 50 × 2000 ÷ 23.5, அதாவது சுமார் 4.25 மீட்டர் தள்ளி நிக்கணும். பத்துக்குப் பத்து அடி ஹாஸ்டல் ரூம் மொத்தமே 3 மீட்டர்தான். சுவத்துல முதுகை ஒட்டிக்கிட்டு நின்னாலும் ரூம்மேட்டோட முட்டிக்குக் கீழ வராது. 35 மி.மீ.ல 3 மீட்டர். பத்து பேர் வரிசையா நின்னு 5 மீட்டர் அகலம் ஆயிடுச்சுன்னா 50க்குக் கிட்டத்தட்ட 10.5 மீட்டர் பின்னால போகணும், 18க்கு 4 மீட்டர் போதும்.

இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்தாலே "ஐம்பது எல்லாத்துக்கும் நல்லது"ங்கிற பேச்சு எங்க நிக்குது, எங்க நிக்கலைன்னு தெரிஞ்சுடும்.

இன்னொரு குழப்பம்: "கிராப் கேமராவுல 50 போட்டா அது 75 ஆயிடும்"னு சொல்வாங்க. லென்ஸ் எதுவா மாறுறதும் இல்லை, 50 எப்பவும் 50தான். சென்சார் சின்னதா இருக்கிறதால படத்தோட நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்குது. அந்தக் காட்சி, 36 மி.மீ. நீளமுள்ள ஃபுல் ஃப்ரேம் சென்சார்ல 75 லென்ஸ் போட்டா எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியும் (கேனான்ல 80). அந்த ஒப்பீட்டுக்குத்தான் 1.5, 1.6ன்னு பெருக்குறாங்க. பழைய ஃபிலிம் கேமராவைத் தொடாத நமக்கு அந்த ஒப்பீட்டால பெரிய பலன் இல்லை. போனோட ஒப்பிட்டா சட்டுனு புரியும்: உங்க போன்ல மெயின் கேமரா காட்டுற அகலம், கிட் லென்ஸ்ல 18ல வச்சா தெரியுற அகலத்துக்கு ரொம்பக் கிட்ட வரும்.

ரெண்டாவது எண்தான் எஃப். 1.8, 3.5-5.6 அப்படின்னு போட்டிருக்கும். குவியத் தூரத்தை லென்ஸ் துளையோட விட்டத்தால வகுத்தா வர்ற எண் அது. வகுத்தல்ல கீழ இருக்கிற விட்டம் பெருசானா விடை சின்னதாகும், அதனாலதான் சின்ன எண்ணுக்குப் பெரிய துளை. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை முன்பக்கம் இருந்து பார்த்தா துளை கிட்டத்தட்ட 28 மி.மீ., ஒரு பத்து ரூபாய் நாணயம் அளவு. கிட் லென்ஸை 55ல வச்சா எஃப் 5.6தான் கிடைக்கும், துளை 10 மி.மீ.க்கும் கொஞ்சம் கம்மி, ஒரு கொண்டைக்கடலை அளவு. 18-55க்கு ரெண்டு எஃப் எண் போட்டிருக்கிறதுக்குக் காரணமும் இதுதான். ஜூம் பண்ணப் பண்ண அதால திறக்க முடிஞ்ச அதிகபட்சமே 3.5லிருந்து 5.6க்கு இறங்கிடும்.

சென்சார் மேல விழுற வெளிச்சம் எஃப் எண்ணோட வர்க்கத்துக்கு எதிர் விகிதம். 5.6ஐ 1.8ஆல வகுத்து வர்க்கம் பண்ணுங்க, சுமார் 9.7 வரும். கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம். மத்த எதையும் விட இந்த ஒரு எண்ணுக்குத்தான் நாம காசு கொடுக்கிறோம்.

ஆடிட்டோரியத்துல என்ன நடக்குது

கல்ச்சுரல்ஸ் மேடை, குரூப் டான்ஸ், மஞ்சளும் நீலமுமா விளக்கு. கிட் லென்ஸ் 55ல, எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 6400 வரைக்கும் ஏத்தியாச்சு, அப்பவும் ஷட்டர் 1/60தான் கிடைக்குதுன்னு வச்சுக்கங்க. 1/60ல ஆடுறவங்க முகமே இழுபடும், கை காணாமலே போகும். அதே இடத்துல, அதே ஐ.எஸ்.ஓ.வுல எஃப் 1.8 லென்ஸ் இருந்தா ஷட்டர் 1/500ஐத் தாண்டும். தாவுற கால் காத்துல நிக்கும். படம் கிடைக்குதா இல்லையாங்கிற அளவுக்கு வித்தியாசம் இது.

"என் கிட் லென்ஸ்ல ஸ்டெபிலைசேஷன் இருக்கே"ன்னு கேப்பீங்க. அது உங்க கை நடுக்கத்தைத்தான் ஈடு கட்டும். மேடையில ஆடுறவங்களை அதால நிறுத்த முடியாது. நிக்கிற கோபுரத்தை ராத்திரியில எடுக்க அது பெரிய உதவி, ஆடுற பொண்ணை எடுக்க உதவி இல்லை. விளம்பரத்துல இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புறதுதான் எனக்கு எரிச்சல்.

சரி, பத்தாவது வரிசையில உட்கார்ந்து 50ஐப் போட்டா ஆள் சின்னதாத்தானே தெரிவாங்க? ஆமா. 15 மீட்டர் தூரத்துல முன்ன சொன்ன அதே 2 மீட்டர் உயரம் சென்சார்ல 6.7 மி.மீ.தான் விழும். 24 மெகாபிக்சல் கேமராவை நெட்டுக்குத்தா பிடிச்சா 6000 பிக்சல்ல சுமார் 1700. வெட்டி எடுத்தா இன்ஸ்டாகிராம் போஸ்ட்டுக்குத் தாராளம், பேனர் அடிக்கத்தான் போதாது. 55-250 மாதிரி டெலி லென்ஸ் போட்டா ஆள் ஃப்ரேமை நிரப்புவாங்க, ஆனா அதுவும் நீட்டுனா எஃப் 5.6தான், திரும்பவும் இழுபட்ட முகம். தெளிவான சின்னப் படத்தை வெட்டிப் பெருசாக்கலாம். இழுபட்ட பெரிய படத்தை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. அதனால மேடைக்கு நான் 50ஓட பக்கம்தான். வாலண்டியர் பேட்ஜ் வாங்கிக்கிட்டு மேடை ஓரத்துக்குப் போயிட்டா பாதி பிரச்சினை அப்பவே தீர்ந்துடும்.

ஆனா 1.8க்கு ஒரு விலை உண்டு. 50 மி.மீ.ல, ஒன்றரை மீட்டர் தூரத்துல இருக்கிற முகத்தை எஃப் 1.8ல எடுத்தா, தெளிவா இருக்கிற ஆழம் மொத்தமே ஆறு, ஏழு சென்டிமீட்டர். கண்ணு தெளிவு, காது மங்கல். போர்ட்ரெய்ட்டுக்கு அதுதான் அழகு. அதே லென்ஸ்ல 3 மீட்டர் தள்ளி ரெண்டு வரிசை குரூப் போட்டோவை 1.8லேயே எடுத்தா ஆழம் 26 சென்டிமீட்டர்தான். முன்வரிசை சிரிக்கும், பின்வரிசை ஆவியா நிக்கும். எஃப் 5.6க்கு மாத்தினா 80 சென்டிமீட்டர் கிடைக்கும், ரெண்டு வரிசையும் வந்துடும். புது லென்ஸ் வாங்குன சந்தோஷத்துல முதல் மாசம் முழுக்க எல்லாரும் 1.8லேயே எடுப்பாங்க. பரவாயில்லை, அது ஒரு காய்ச்சல், தானா இறங்கும்.

இப்போ பழைய போட்டோக்கள்

கேமரா எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளேயும் எக்ஸிஃப்னு ஒரு தகவல் ஒட்டியிருக்கும். எந்தக் குவியத் தூரம், என்ன எஃப், என்ன ஐ.எஸ்.ஓ., என்ன ஷட்டர், எல்லாம் அதுல இருக்கு. கடந்த ஒரு வருஷத்துல கிட் லென்ஸ்ல எடுத்ததை எல்லாம் ஒரு ஃபோல்டர்ல போடுங்க. வாட்ஸ்அப்புல வந்த காப்பி வேண்டாம், அதுல இந்தத் தகவல் அழிஞ்சிருக்கும். எக்ஸிஃப்டூல்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, ஃபோல்டரையே கொடுத்தா எல்லாப் படத்தோட எண்களையும் அட்டவணையா தந்துடும். பைத்தான் தெரிஞ்சா பத்துப் பதினைஞ்சு வரியில ஹிஸ்டோகிராம் போட்டுடலாம். உங்களுக்குப் பிடிச்ச படங்களை மட்டும் தனியா எடுத்து இன்னொரு தடவை போடுங்க. ரெண்டாவது கிராஃப்தான் முக்கியம்.

பாதிக்கு மேல 55ல முட்டிக்கிட்டு நிக்குதா? உங்களுக்கு இன்னும் நீளம் வேணும். 18ல குவிஞ்சிருக்கா? நீங்க கட்டடமும் நிலக்காட்சியும் கூட்டமும் எடுக்கிற ஆள், 50 வாங்கினா உங்களுக்கு மூச்சு முட்டும். 10-18, 10-20ன்னு வர்ற அல்ட்ரா வைடு லென்ஸ் பக்கம் பாருங்க. எண் நடுவுல எங்கேயோ பரவியிருக்கு, ஆனா ஐ.எஸ்.ஓ. மட்டும் எப்பவும் 3200, 6400ன்னு நிக்குதா? உங்களுக்கு வேண்டியது வெளிச்சம், அதாவது சின்ன எஃப் எண். ஐ.எஸ்.ஓ. 100, 200லேயே எல்லாம் இருக்கு, எண்ணும் பரவியிருக்குன்னா சந்தோஷமான செய்தி: உங்களுக்கு இப்போ லென்ஸே தேவையில்லை. அந்தக் காசுல ஒரு நல்ல ட்ரைபாட், இல்லைன்னா தஞ்சாவூருக்கு ஒரு டிரிப்.

எங்க கிளப்புல ரெண்டாம் வருஷ மாணவி ஒருத்தங்க 50 வாங்கப் போறதுக்கு முந்தின வாரம் இதைச் செஞ்சு பார்த்தாங்க. அவங்களுக்குப் பிடிச்ச படங்கள் எல்லாமே வேடந்தாங்கல், பள்ளிக்கரணை. எல்லாமே 55. வேடந்தாங்கல் ஏரிக்கரையில நின்னு 50 மீட்டர் தள்ளி மரத்துல இருக்கிற மஞ்சள்மூக்கு நாரையை எடுத்தா, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரமுள்ள பறவை, 55 மி.மீ.ல சுமார் 280 பிக்சல்தான் வரும். ஸ்டாம்ப் சைஸ். 250 மி.மீ.ல 1270க்கு மேல. அவங்க 55-250தான் வாங்கினாங்க. வெயில்ல எஃப் 5.6 ஒரு தொந்தரவே இல்லை. குரூப்புல எல்லாரும் சொன்னதைக் கேட்டு 50 வாங்கியிருந்தா நாரை இன்னமும் ஸ்டாம்ப்பாவே இருந்திருக்கும்.

கிராஃப் போட சோம்பலா இருக்கா? ஒரு வாரம் கிட் லென்ஸ் ஜூம் வளையத்தை 35ல வச்சு டேப் ஒட்டிடுங்க. அடுத்த வாரம் 50ல. எந்த வாரம் அதிகமா திட்டினீங்களோ அந்த லென்ஸ் வேண்டாம். பெரிய ஊர்கள்ல லென்ஸ் ஒரு நாள் வாடகைக்கும் கிடைக்குது, அடையாள அட்டையும் முன்பணமும் கேப்பாங்க. கல்ச்சுரல்ஸ் மாதிரி ஒரே நாள் வேலைக்கு வாங்குறதை விட இது புத்திசாலித்தனம்.

50ஆ, 35ஆ?

50 எஃப் 1.8 ஏன் இவ்வளவு மலிவு? தரம் கம்மின்னு நினைக்காதீங்க, காரணம் வடிவமைப்புல இருக்கு. 1896ல் ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனியில் பால் ருடால்ஃப் உருவாக்கின பிளானார் லென்ஸோட அமைப்பு, நடுவுல துளை, ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமச்சீரா கண்ணாடிகள், இன்னிக்கும் பெரும்பாலான 50களோட அடிப்படை. கேனானோட 50 எஃப் 1.8ல மொத்தம் ஆறே கண்ணாடி. இன்னொண்ணு, டி.எஸ்.எல்.ஆர்.ல லென்ஸ் மாட்டுற இடத்துக்கும் சென்சாருக்கும் நடுவுல கண்ணாடி ஆடுறதுக்கு இடம் விடணும். கேனான்ல அது 44 மி.மீ., நிக்கான்ல 46.5. குவியத் தூரம் அதைவிட அதிகமான 50க்குப் பிரச்சினை இல்லை. அதைவிடக் குறைஞ்ச 35, 24க்கு எல்லாம் ஒளியை வளைச்சுப் பின்னால தள்ள கூடுதல் கண்ணாடி வேணும், எடையும் விலையும் ஏறும்.

ஆக, மலிவா இருக்கிறதால 50 பிரபலம் ஆச்சே தவிர, கிராப் கேமராவுக்கு அதுதான் பொருத்தம்னு இல்லை. ஃபுல் ஃப்ரேம்ல கார்த்தியே-ப்ரெஸ்ஸான் 50ஐ வச்சே தெருவை எடுத்தார்னு சொல்வாங்க, உண்மைதான். அவர் பார்த்த அகலம் நம்ம கிராப் கேமராவுல வேணும்னா 35 போடணும். நிக்கான்காரங்களுக்கு ஏ.எஃப்-எஸ் டி.எக்ஸ் 35 எஃப் 1.8 இருக்கு. கேனான்ல இ.எஃப்-எஸ் 24 எஃப் 2.8 இருக்கு, பிஸ்கட் கணக்கா தட்டையா இருக்கும், ரூமுக்குள்ளேயும் டீக்கடையிலும் கோயம்பேட்டுலயும் எடுக்க அருமை. மேடை, முகம்னா 50. ரூம், தெரு, நண்பர்கள், லேப்னா 35 இல்லைன்னா 24. ஒண்ணுதான் வாங்க முடியும்னா நான் 35க்குக் கை தூக்குவேன், இதுல கிளப்புல பாதிப் பேர் என்னோட சண்டைக்கு வருவாங்க.

மாட்டுமா, ஃபோகஸ் ஆகுமா?

போன வருஷம் ஒரு ஜூனியர் நிக்கான் டி5300 வச்சிருந்தான். செகண்ட் ஹேண்ட்ல 50 எஃப் 1.8 டி லென்ஸ் மலிவா கிடைச்சதுன்னு வாங்கிட்டு வந்தான். ட்யூஷன் எடுத்த காசு. மாட்டினா ஆட்டோஃபோகஸ் அசையவே இல்லை. "லென்ஸ் பழுதுண்ணா"ன்னு முகம் வாடிப் போய் வந்து நின்னான். லென்ஸ் நல்லாத்தான் இருந்தது. பழைய ஏ.எஃப் லென்ஸ்கள்ல மோட்டார் கிடையாது, கேமராவுக்குள்ள இருக்கிற மோட்டார்தான் திருப்பும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்கள்ல அந்த மோட்டார் இல்லை, டி7000 வரிசையில இருக்கு. பெயர்ல ஏ.எஃப்-எஸ்னு இருந்தா லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உண்டு. ஒரு எழுத்துதான் வித்தியாசம். வ்யூஃபைண்டர்ல வர்ற பச்சைப் புள்ளியைப் பார்த்துக் கையால ஃபோகஸ் பண்ணக் கத்துக்கிட்டான், உட்கார்ந்திருக்கிறவங்களை நல்லாவே எடுத்தான். டான்ஸுக்கு முடியலை. ஆறு மாசம் கழிச்சு அதை வித்துட்டுத்தான் ஏ.எஃப்-எஸ் வாங்கினான்.

கேனான் இ.எஃப் லென்ஸ்கள்ல இந்தத் தொல்லை இல்லை, எல்லாத்துலயும் மோட்டார் உண்டு. இ.எஃப்-எஸ் லென்ஸ் மட்டும் கேனானோட ஃபுல் ஃப்ரேம் டி.எஸ்.எல்.ஆர்.ல மாட்டாது. மாட்டுற இடத்துல வெள்ளைச் சதுரம் இருந்தா இ.எஃப்-எஸ், சிவப்புப் புள்ளி இருந்தா இ.எஃப். 2018ல ரெண்டு கம்பெனியும் மிரர்லெஸ்ஸுக்குப் புது மவுண்ட் கொண்டு வந்துட்டாங்க, கேனான் ஆர்.எஃப், நிக்கான் இசட். பழைய லென்ஸ்களை அடாப்டர் வச்சு அதுல போடலாம். இங்கேயும் நிக்கான் ஏ.எஃப்-எஸ் ஃபோகஸ் ஆகும், மோட்டார் இல்லாத பழசு நிக்கானோட எஃப்.டி.இசட் அடாப்டர்ல ஆகாது. தலைகீழா, மிரர்லெஸ் லென்ஸை டி.எஸ்.எல்.ஆர்.ல போடவே முடியாது.

செகண்ட் ஹேண்டும் பூஞ்சையும்

பத்தாயிரத்துக்குள்ள நல்ல லென்ஸ் வேணும்னா பல சமயம் செகண்ட் ஹேண்ட்தான். நேர்ல பார்க்காம வாங்காதீங்க. உங்க கேமராவையே எடுத்துட்டுப் போங்க. லென்ஸை ரெண்டு பக்க மூடியும் எடுத்துட்டு, போன் டார்ச்சை ஒரு பக்கம் அடிச்சு, மறுபக்கம் இருந்து சாய்வாப் பாருங்க. நாலஞ்சு தூசு தெரிஞ்சா கவலை வேண்டாம், படத்துல வராது. சிலந்தி வலை மாதிரி, மரக்கிளை மாதிரி இழை இழையா ஓடினா அது பூஞ்சை, எவ்வளவு மலிவா இருந்தாலும் திருப்பிக் கொடுத்துடுங்க. முன்கண்ணாடியில சின்னக் கீறலை விட பின்கண்ணாடிக் கீறல் மோசம். அப்புறம் எஃப் 1.8, எஃப் 8, எஃப் 16ன்னு மாத்தி மாத்தி எடுங்க. வெளிச்சம் எல்லாத்துலயும் ஒரே மாதிரி வரணும். எஃப் 16ல மட்டும் படம் வெளுத்தா துளை இதழ்கள் ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம்.

பூஞ்சை நம்ம ஊர்ல நிஜமான எதிரி. கடலோரம், மழைக்காலம், ஜன்னல் திறக்காத ஹாஸ்டல் அலமாரி, இருட்டு, எல்லாமே அதுக்குப் பிடிக்கும். கேமரா பையிலேயே மாசக்கணக்குல பூட்டி வைக்காதீங்க, பஞ்சு ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு, உள்ள சிலிகா ஜெல், கூட ஒரு சின்ன ஈரமானி. 40லிருந்து 50 சதவீதத்துக்குள்ள இருந்தா போதும். அரிசி டப்பாவுல போட்டு வைக்கச் சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க, அரிசி மாவு ஜூம் வளையத்துக்குள்ள போயிடும். நீல நிற சிலிகா ஜெல் ஈரம் குடிச்சா இளஞ்சிவப்பா மாறும். சூடு பண்ணினா திரும்ப நீலமாகும்தான், ஆனா அந்த நீலத்துக்குக் காரணம் கோபால்ட் குளோரைடு, நச்சு. மெஸ் வாணலியில வறுக்காம, ஆரஞ்சு நிறத்துல வர்ற வகையை வாங்கிக்கங்க.